எச்சில் தொட்டு வைத்த பிள்ளை

மரிவிக்குக்குப் பொறாமை வந்தால் இடது காது சிவந்துவிடும். வலது காது பாட்டுக்குச் சும்மா இருக்கும். கல்யாணமான புதிதிலேயே இதைக் கண்டுபிடித்தவன் அவள் புருஷன் ஆர்னெல். செபு நகரத்துச் சந்தையில் அவளுக்குக் கருவாட்டுக் கடை. எதிர்க்கடையில் கூட்டம் கூடினால் இவள் காது பழுத்துவிடும். "காது பழுத்துருச்சு, இன்னிக்கு எனக்குச் சோறு கிடைச்ச மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அவன் ஆள் ஏற்றி ஓட்டும் தன் ஜீப்னி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

எதிர்க்கடைக்காரி மேல் வருவதெல்லாம் வெயிலில் காய்ந்தால் போய்விடுகிற பொறாமை. போகாத பொறாமை ஒன்று இருந்தது. அது ஆர்னெலின் அக்கா லோர்னா மேல்.

லோர்னா கார்கார் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்தாள். பிள்ளை இல்லை. புருஷன் கப்பலில் வேலைக்குப் போனவன், வேறு துறைமுகத்தில் குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். மரிவிக்கின் முதல் குழந்தை ரிட்செல் பால்குடி மறக்காத கைக்குழந்தையாக இருந்தபோது மரிவிக்குக்குக் குவைத்தில் வீட்டுவேலை கிடைத்தது. எங்கள் பக்கம் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். தாய் ஊரான் பிள்ளையைக் குளிப்பாட்டப் போவாள், அவள் பெற்றதை அக்காளோ நாத்தனாரோ குளிப்பாட்டுவாள். இரண்டு வருஷம் என்று போனவள் ஆறு வருஷம் கழித்துத் திரும்பினாள்.

ஒரு பெட்டி நிறைய சாக்லேட்டும், குழந்தையைவிட உயரமான பொம்மையுமாக மரிவிக் ரொட்டிக்கடை வாசலில் இறங்கினாள். ரிட்செல் லோர்னாவின் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "அம்மா, இவங்க எப்பம்மா போவாங்க?" என்று கேட்டது.

லோர்னா பதறிப்போனாள். "ஏய், உன்னப் பெத்தவடி! போய் முத்தம் குடு."

குழந்தை வந்து முத்தம் கொடுத்தது. சொன்ன சொல் கேட்கிற குழந்தை. அதுவும் லோர்னா வளர்ப்பு. அன்று முதல் லோர்னா 'அம்மா', இவள் 'மம்மி மரிவிக்'. கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது மாதிரி பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் எந்த மம்மி என்று தெரியும். செபுவுக்கு அழைத்து வந்து வைத்துப் பார்த்தாள். குழந்தை ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. காய்ச்சலும் வந்தது. லோர்னா ஒரு பை ரொட்டியோடு வந்து நின்றதும் காய்ச்சல் இறங்கிவிட்டது. மரிவிக் தன் கையாலேயே துணிகளை மடித்துக் கொடுத்துக் குழந்தையை அவளோடு அனுப்பினாள்.

லோர்னா கெட்டவளாக இருந்திருந்தால் மரிவிக் பிழைத்திருப்பாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம். லோர்னாவோ ரிட்செலின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முதல் துண்டு கேக்கை மரிவிக்குக்குத்தான் ஊட்டச் சொல்வாள். அந்தத் துண்டை விழுங்கும்போதெல்லாம் மரிவிக்குக்குக் காது எரியும்.

பிறகு நோனோய் பிறந்தான். "இவன நான் யார் கையிலயும் குடுக்க மாட்டேன்," என்று பிரசவக் கட்டிலிலேயே சொல்லிவிட்டாள். சொன்னபடியே செய்தாள். கருவாட்டுக் கடைக்குள்ளேயே தொட்டில் கட்டினாள். லோர்னா தூக்க வந்தால், "இப்பத்தான் பால் குடிச்சான், கக்கிருவான்" என்பாள். பக்கத்துக் கடைக்காரர்கள் தூக்கலாம், மீன் இறக்குகிற கூலிக்காரன் தூக்கலாம், லோர்னா மட்டும் தூக்கினால் பையன் கக்கிவிடுவான்.

நோனோய் நடக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் அவன் காலில் நீல நீலமாகத் தடிப்புகள் வந்தன. விழாமலே வந்தன. பல் தேய்த்தால் ரத்தம் நிற்கவில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களை அவன் உடம்பே அழிக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். தடிப்பு போயிற்று, முகம் நிலா மாதிரி உப்பிற்று. மாத்திரையைக் குறைத்தால் தடிப்பு திரும்பி வரும். கூட்டினால் நெஞ்சுச் சளி, காதுச் சீழ், மறுபடி ஆஸ்பத்திரி. இப்படியே அவனுக்கு ஐந்து வயது முடிந்தது.

அப்போதுதான் டாக்டர் அல்கோசேபாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். நரைத்த தலையும் சிரிக்காத முகமுமான பெண் டாக்டர். ஏதேதோ ரத்தப் பரிசோதனை செய்தார், மணிலாவுக்கும் அனுப்பினார். முடிவு வந்த அன்றைக்கு ஆர்னெல் வண்டி ஓட்டப் போயிருந்தான். மரிவிக் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுல நாய் வளர்ப்பீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இருக்கு டாக்டர்."

"உங்க பையன் உடம்புல இருக்கிற காவல் நாய்க்குப் பிறவியிலயே கோளாறு. திருடன் வந்தா படுத்துக்குது, வீட்டு ஆளக் கண்டா கடிக்குது. இத்தன நாளா நாம கடிக்குதேன்னு வாயக் கட்டினோம். வாயக் கட்டக் கட்ட, திருடனுக்குக் கொண்டாட்டம்."

மரிவிக்குக்கு நன்றாகவே புரிந்தது. எந்தப் படித்தவனும் அவளுக்கு இதுவரை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் டாக்டர். "ஒண்ணு, நாய் வாய வேற மருந்தால கட்டறது, காவலுக்கு வெளியிலேர்ந்து ஆள் வைக்கறது. அதாவது மத்தவங்க ரத்தத்துலேர்ந்து எடுத்த எதிர்ப்புச் சத்த மாசாமாசம் ட்ரிப்ல ஏத்தறது. ஆயுசுக்கும் ஏத்தணும், அப்பவும் முழுப் பாதுகாப்புன்னு சொல்ல முடியாது. இன்னொண்ணு, நாயவே மாத்தறது. கூடப்பிறந்தவங்க எலும்பு மஜ்ஜை பொருந்தினா அத எடுத்து இவனுக்கு வைக்கறது. சரியா அமைஞ்சா வியாதியே போயிரும். ஆனா ஆபத்தும் உண்டு. மறைக்க மாட்டேன், உயிராபத்து." பேனாவைத் திறந்தார். "பையனுக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்களா?"

"இல்ல," என்றாள் மரிவிக்.

சொல்லத் திட்டமிட்டு அவள் சொல்லவில்லை. டாக்டர் சொல்லிக்கொண்டே வந்தபோதே அவள் மனசு முன்னால் ஓடிவிட்டது. அந்த நாய் யார் வீட்டு நாய்? லோர்னா வீட்டுச் சோற்றைத் தின்று, லோர்னா ரொட்டியைத் தின்று வளர்ந்த நாய். அது நோனோய்க்குள் வந்து படுத்துக்கொள்ளும். அப்புறம் அவன் ரத்தமும் கார்கார் ரத்தம். பெற்ற இரண்டும் லோர்னாவுக்கு. இதற்குப் போய் லோர்னா படியேறிக் கேட்டு வேறு நிற்க வேண்டும். அதற்குள் வாய் 'இல்ல' என்றுவிட்டது. டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அன்னியர் மஜ்ஜை பொருந்துவது அபூர்வம், ஆகவே முதல் வழியே போகலாம் என்றார்.

வீட்டில் ஆர்னெலிடம், "மாசாமாசம் ட்ரிப் போட்டா போதுமாம்" என்றாள். அவன் கும்பிட்டான். மருந்தென்றால் அவள் சொல்வதுதான் அவனுக்கு வேதம்.

ட்ரிப் ஏறத் தொடங்கியதும் நோனோய் தேறினான். நெஞ்சுச் சளி விட்டது. ஓடினான், சண்டை போட்டான், கருவாட்டுக் கூடையில் ஏறி உட்கார்ந்து ராஜா மாதிரி வியாபாரம் பண்ணினான். யார் தயவும் இல்லாமல் பிள்ளையைத் தேற்றிவிட்டோம் என்று மரிவிக்குக்கு உள்ளூர ஒரு கெத்து. அதை ஒரே ஒரு ஆளுக்குத்தான் காட்ட வேண்டும்.

நவம்பரில் கார்கார் திருவிழா. கூட்டத்துக்குக் கூட்டிப் போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா வீட்டுத் திருவிழாவுக்கு ஒரு மணி நேரம் தலையைக் காட்டினால்கூடப் போதும் என்று ஆர்னெல் கெஞ்சினான். வழக்கமாக முகம் தூக்குகிற மரிவிக், அன்று பையனுக்குப் புதுச் சட்டை போட்டு முதலில் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

ரொட்டிக்கடை வீட்டில் உட்கார இடமில்லை. முழுப் பன்றி வாட்டி மேசையில் கிடந்தது, வந்தவன் போனவனெல்லாம் மொறுமொறுத் தோலைப் பிய்த்துக்கொண்டிருந்தான். பதினாலு வயசு ரிட்செல் ஓடிவந்து தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தான். தன்னிடம்கூட அவன் அப்படிச் சிரித்ததில்லை என்று மரிவிக்குக்குத் தோன்றியது. காது சூடேறிற்று.

லோர்னா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள் நின்றுவிட்டாள். "அடி ஆத்தா! எப்படிக் கொழுகொழுன்னு ஆயிட்டான்! என் கண்ணே பட்டுரும் போல!"

அவ்வளவுதான் சொன்னாள். கூடச் சொல்ல வேண்டிய 'புவேரா புயாக்' என்ற வார்த்தையைச் சொல்ல மறந்துவிட்டாள். பிள்ளையைப் புகழ்ந்துவிட்டு அதைச் சொல்லாமல் விட்டால் புகழ்ச்சி பிள்ளை மேல் விழுந்து நோயாகும் என்பது செபுவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மறந்தவருக்குப் பரிகாரமும் உண்டு. சொன்ன வாயின் எச்சிலைத் தொட்டுப் பிள்ளையின் நெற்றியிலும் தொப்புளிலும் அவரே வைக்க வேண்டும்.

இவ்வளவு வருஷமாக ஒரு தப்புகூடச் செய்யாத லோர்னா ஒரு தப்புச் செய்துவிட்டாள். அதுவும் ஊர் பார்க்க. மரிவிக் விடுவாளா?

"அண்ணி," என்றாள் எல்லார் காதிலும் விழும்படி, "வாயால போட்டீங்க, வாயாலயே எடுங்க."

லோர்னாவுக்கு முகம் வெளுத்தது. "ஐயோ, மறந்துட்டேன்டி. புவேரா புயாக், புவேரா புயாக். எச்சில் வேணாம் மரிவிக், நாலு நாளா எனக்குத் தொண்டக்கட்டு, இருமல். புள்ளைக்கு ஒட்டிக்கும்."

"பாத்தீங்களா எல்லாரும்! எம் புள்ளைக்கு எச்சில் தொட்டு வைக்கக்கூட மனசு வரல. நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?"

பன்றித் தோல் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் மரிவிக் பக்கம் சேர்ந்தார்கள். "வெச்சிரு லோர்னா, நோயாளிப் பையன் வேற," என்றாள் ஒரு கிழவி. "ஒரு சொட்டுல என்ன ஆயிரப் போகுது?" என்றார் ஆர்னெலின் சித்தப்பா. லோர்னா ஆர்னெலைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் கட்டைவிரலை நாக்கில் தொட்டு நோனோயின் நெற்றியில் வைத்தாள், சட்டையைத் தூக்கித் தொப்புளில் வைத்தாள். கூச்சத்தில் நோனோய் கெக்கலித்துச் சிரித்தான். நெற்றியில் தொட்ட ஈரம் வழிந்ததை அவனே கையால் துடைத்து, அந்தக் கையை வாயில் வைத்துக்கொண்டான்.

மரிவிக் அன்று நிம்மதியாக இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

வாரம் முடிவதற்குள் நோனோய்க்குக் காய்ச்சல். பெரியவர்களுக்குத் தொண்டைக்கட்டோடு போகிற கிருமி அவனுக்கு நெஞ்சு முழுக்க இறங்கிவிட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தவனைப் பார்த்து மரிவிக் வராந்தாவில் தலையிலடித்துக்கொண்டாள். "கண் வெச்சுட்டா! அவதான் கண் வெச்சுட்டா!"

செய்தி கேட்டு லோர்னா முதல் பஸ்ஸில் வந்தாள். கூடவே ரிட்செலும். டாக்டர் அல்கோசேபா எல்லாரையும் கதவுக்கு வெளியே நிறுத்தி, வீட்டில் யாருக்காவது இருமல் இருந்ததா என்று விசாரித்தார். மரிவிக் வாயைத் திறப்பதற்குள் லோர்னா முந்திக்கொண்டாள்.

"எனக்குத்தான் டாக்டர். நான்தான் எச்சில் தொட்டு வெச்சேன். என் தப்பு."

வைக்கச் சொன்னது யார் என்று அவள் சொல்லவில்லை. மரிவிக் பக்கம் திரும்பக்கூட இல்லை. மரிவிக்குக்கு நன்றி வந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது எரிச்சல். குற்றத்தைக்கூட இவள் விட்டுவைக்க மாட்டாளா? அதையும் வாரித் தன் மடியில் போட்டுக்கொண்டு நல்ல பேர் வாங்குகிறாளே!

டாக்டர் திட்டவில்லை. எழுதிக்கொண்டே நிமிர்ந்தவர் கண்ணில், கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்ற ரிட்செல் பட்டாள். அதே அகன்ற நெற்றி, அதே ஒட்டின காது மடல். டாக்டர் அவளைப் பார்த்தார், படுக்கையில் கிடந்த பையனைப் பார்த்தார்.

"நீ யாரும்மா?"

"அவனோட அக்கா," என்றாள் ரிட்செல்.

"சொந்த அக்காவா? ஒரே அப்பா, ஒரே அம்மா?"

"ஆமா."

டாக்டர் மெல்லத் திரும்பி மரிவிக்கைப் பார்த்தார். ஆர்னெலுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் டாக்டர், அவளுக்கு என்ன?" என்றான். டாக்டர் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னார். நாய்க் கதை, இரண்டு வழி, கூடப்பிறந்தவர் இல்லை என்று எழுதி வைத்தது, எல்லாம். ஆர்னெல் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான்.

கத்தியது லோர்னா. யாரிடமும் சத்தம் போட்டு யாரும் பார்த்திராத லோர்னா. "இல்லைன்னா சொன்ன? பெத்த புள்ளைய இல்லைன்னா சொன்ன? என் மேல கோவம்னா என்னை இல்லைன்னு சொல்லு, செத்துட்டான்னு சொல்லு! இவள எப்படிடி இல்லைன்னு சொல்ல வாய் வந்துச்சு?"

ரிட்செல் கண்ணாடியிலிருந்து மூக்கை எடுக்கவே இல்லை.

நோனோய் அந்தக் கண்டத்திலிருந்து மெல்ல மெல்ல மீண்டான். டாக்டர் இந்தத் தடவை இரண்டு வழியையும் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார். ட்ரிப்பும் மருந்தும் அவனைக் கொஞ்ச காலம் ஓட்டும், ஆனால் நுரையீரல் ஒவ்வொரு தடவையும் இப்படி அடிவாங்கினால் தாங்காது. மஜ்ஜை மாற்றினால் விடிவு உண்டு, விடியாமலும் போகலாம். ரிட்செலின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டு எச்சிலை எடுத்து மணிலாவுக்கு அனுப்பினார்கள். முழுப் பொருத்தம் என்று பதில் வந்தது.

ரிட்செல் சிறு பெண், ஆகவே பெற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு அவளே தன் வாயால், யாரும் நெருக்காமல், சம்மதம் சொல்ல வேண்டும் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். ஆர்னெல் அக்காவிடம் போய் நின்றான். லோர்னா மாட்டேன் என்று தலையசைத்தாள். "நான் கேட்டா அவ மாட்டேன்னு சொல்ல மாட்டா. அது சம்மதமில்ல. இல்லைன்னு சொன்னவ வந்து கேக்கட்டும்."

மரிவிக் கார்காருக்குத் தனியாகப் போனாள். ரொட்டிக்கடையின் பின்கட்டில் ரிட்செல் மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். மரிவிக்கும் ஒரு உருண்டையை எடுத்து உருட்டினாள். அது கோணலாக வந்தது. ரிட்செல் அதை வாங்கி மறுபடி உருட்டித் தட்டில் வைத்தாள்.

"டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உங்கம்மா மேல பொறாம."

"அது ஊருக்கே தெரியும்," என்றாள் ரிட்செல். "நான் அதக் கேக்கல. என்னை ஏன் இல்லைன்னீங்க?"

மரிவிக் மாவை விரலால் குத்திக் குத்திப் பார்த்தாள். கடைசியில், "நீ என் கைக்கு வரவே இல்லையே. இல்லாத மாதிரியே பழகிருச்சு," என்றாள்.

"நானா குவைத்துக்குப் போனேன்?"

அடுப்புக்காரன் வந்து தட்டை எடுத்துப் போனான். ரிட்செல் கைமாவைத் தட்டிவிட்டுக் கேட்டாள். "வலிக்குமா?"

"மயக்கம் குடுத்துத்தான் எடுப்பாங்களாம். அப்புறம் இடுப்பு கொஞ்ச நாள் வலிக்குமாம்."

"குடுக்கறேன். நோனோய்க்காகக் குடுக்கறேன். உங்களுக்காக இல்ல."

"சரி," என்றாள் மரிவிக். பஸ்ஸில் திரும்பும்போது முழு வழியும் அழுதாள். பிள்ளை பிழைக்க வழி கிடைத்த சந்தோஷம் பாதி. அந்தப் பெண் எவ்வளவு நன்றாக வளர்ந்திருக்கிறாள் என்ற வயிற்றெரிச்சல் பாதி.

மணிலாவில் பெரிய ஆஸ்பத்திரி. பணத்துக்கு யார் யார் வாசலில் ஆர்னெல் நின்றான் என்பதைச் சொல்லப்போனால் இது அவன் கதையாகிவிடும். நோனோயைத் தனியறையில் போட்டார்கள். பழைய மஜ்ஜையைத் தீர்த்துக்கட்ட மருந்து ஏறத் தொடங்கினால் அவனுக்குக் காவல் என்று ஒன்றுமே மிஞ்சாது, அந்த நாள்களில் ஒரு தும்மல் போதும் அவனைக் கொண்டுபோக. உள்ளே துணைக்கு ஒரே ஒரு ஆள். மரிவிக்தான். ஆர்னெல் வந்த மறுநாளே தும்மிவிட்டு விடுதி அறையோடு முடங்கிவிட்டான். லோர்னா கீழ்மாடியில் ரிட்செலுக்குத் துணை.

மரிவிக்குக்கு அந்த அறை சொர்க்கம் என்றால் தப்பில்லை. பையன் வாந்தி எடுத்தான், முடி கொட்டிற்று, எதையும் தின்ன மறுத்தான். ஆனாலும் அவன் கை நீட்டினால் அங்கே இருந்தது அவள் ஒருத்திதான். தினம் காலையில் மட்டும் விடுதிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவாள். உள்ளே விடும் முன்பு வாசலில் ஒரு இளம் நர்ஸ் கேட்பாள்: "இருமல், தொண்டை வலி, காய்ச்சல் ஏதாவது இருக்கா?" "இல்ல," என்று சொல்லிவிட்டு முகமூடியைக் கட்டிக்கொண்டு உள்ளே போவாள்.

மஜ்ஜை வைக்கும் நாள் வந்தது. விடுதியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதே தொண்டையில் ஏதோ முள் மாதிரி உறுத்திற்று. விழுங்கிப் பார்த்தாள், வலித்தது. ஆர்னெலைப் பார்த்துக் கெட்ட வார்த்தையால் திட்டினாள். வெந்நீர் குடித்தாள். இஞ்சியைக் கடித்தாள். ஒன்றுமில்லை, ராத்திரி ஏ.சி. குளிர் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"இருமல், தொண்டை வலி, காய்ச்சல் ஏதாவது இருக்கா?"

'இல்ல' நாக்கு நுனியில் தயாராக நின்றது. எவ்வளவு பழகின வார்த்தை! சொன்னால் யாருக்குத் தெரியும்? முகமூடி இருக்கிறது. இருமலை அடக்கத் தெரியாதா? சொல்லாவிட்டால் உள்ளே போகப்போவது யார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, புது ரத்தம் ஊறும்வரை. லோர்னா கையில் வாரக்கணக்கில் இருந்த பிள்ளை என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரியாது.

உள்ளே கண்ணாடிக்கு அப்பால் நோனோய் மொட்டைத் தலையோடு எழுந்து உட்கார்ந்து அவளைத் தேடினான். கையைத் தூக்கி ஆட்டினான். பிறகு அந்தக் கையை, அன்று திருவிழாவில் வைத்த மாதிரியே, வாயில் வைத்துக்கொண்டான்.

"இருக்கு," என்றாள் மரிவிக். "தொண்ட வலிக்குது."

நர்ஸ் ஒரு அடி பின்னால் போனாள். "வேற யாரு இருக்காங்க உங்களுக்கு?"

"கீழ என் நாத்தனார் இருக்காங்க. லோர்னா. நல்லாப் பாத்துப்பாங்க." அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைச் சொல்ல அவளுக்குப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

லோர்னா மாடியேறி வந்து, கைகழுவி, முகமூடி கட்டி நின்றாள். உள்ளே போகும் முன் தூரத்தில் நின்ற மரிவிக்கைப் பார்த்து, "என்ன பிடிக்கும் அவனுக்கு?" என்று கேட்டாள்.

"உள்ளங்காலத் தடவிக் குடுத்தாத் தூங்குவான்," என்றாள் மரிவிக். சொன்னதும் ஏன் சொன்னோம் என்றிருந்தது. கதவு சாத்திக்கொண்டது.

அந்த மஜ்ஜை பிடித்தது. பிடிக்க நாளாயிற்று. நடுவில் இரண்டு தடவை கை நழுவப் பார்த்தது, ஆனால் பிடித்தது. தனியறையை விட்டு வந்த நோனோய் முதலில் ஏறி உட்கார்ந்தது லோர்னா மடியில்தான். மரிவிக் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்ததால் எரிச்சல் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு.

லோர்னா உள்ளே போன அன்று மத்தியானம் கீழ்மாடியில், மஜ்ஜை எடுத்து முடித்த ரிட்செலைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். மரிவிக் இரட்டை முகமூடி கட்டிக்கொண்டு, சன்னலோரம் எட்டப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மயக்கம் தெளிந்து ரிட்செல் கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் கை வைத்துத் துழாவினாள்.

"அம்மா எங்க?"

"மேல. நோனோய்கிட்ட. எனக்குத் தொண்ட வலி, என்னை விடல."

"எப்ப வருவாங்க?"

"ரத்தம் ஊறுற வரைக்கும் அவங்கதான் அங்க இருக்கணும்."

ரிட்செல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இடுப்பு வலித்ததில் முனகினாள். தூங்கிவிட்டாள் என்று மரிவிக் நினைத்தபோது குரல் வந்தது. "அம்மா அவனுக்கு ரொட்டிப் பாட்டு பாடுவாங்களா?"

அது என்ன பாட்டு என்று மரிவிக்குக்குத் தெரியாது. "பாடுவாங்களா இருக்கும்," என்றாள்.

"அது எனக்குன்னு கட்டின பாட்டு." சுவரைப் பார்த்துச் சொன்னாள். "அவனுக்கு ஏன் பாடணும்? வேற பாட்டா இல்ல?"

தலையணையில் வலது கன்னம் அழுந்திக் கிடக்க, அவள் இடது காது மேலே தெரிந்தது. அது பழுத்த மிளகாயாகச் சிவந்திருந்தது.

மரிவிக் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். கிட்டே போகக் கூடாது என்று நினைவு வந்து மறுபடி உட்கார்ந்தாள். குவைத்திலிருந்து வந்த நாளாக அந்தப் பெண்ணிடம் தன் சாயல் என்று ஒன்றைத் தேடி, எல்லாவற்றிலும் லோர்னாவையே கண்டு சலித்தவள் அவள். லோர்னாவுக்குப் பொறாமைப்படவே தெரியாது.

"எனக்கும்தான்டி வயிறு எரியுது," என்றாள்.

ரிட்செல் திரும்பிப் பார்த்தாள். மரிவிக் முடியை ஒதுக்கித் தன் காதைக் காட்டினாள். ரிட்செல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். அது சுட்டிருக்க வேண்டும், கையை எடுத்துவிட்டாள்.